பெறுநர் பட்டியல் இரண்டு: கட்டளை வரி அஞ்சல் நிரல் முகவரிகளைக் கையாளும் முறை

தைப்பூசக் காவடி அரசு விடுமுறையாக உள்ள மொரீஷியஸில், கோயில் சங்கங்களின் ஆண்டு அலுவல் காவடி, வருஷப் பிறப்பு, தீமிதி ஆகிய நாள்களை ஒட்டியே நகர்கிறது. கொடியேற்றம் எந்த நாள், பால்குடம் எத்தனை மணிக்குப் புறப்படும், காவடி எடுப்போர் எந்த நாளுக்குள் பெயர் பதிய வேண்டும் என்பன போன்ற அறிவிப்புகள் இப்போது பெரும்பாலும் மின்னஞ்சலிலேயே செல்கின்றன. அவற்றைப் பெறுவோர் காத்ர் போர்னிலும் ரோஸ்ஹில்லிலும் மட்டும் இல்லை. பிரான்சு, ரீயூனியன், தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய இடங்களில் குடியேறிய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். சிறிய சங்கமொன்று இதற்கெனக் கட்டணச் சேவை எதையும் நாடாமல், லினக்ஸ் சர்வர் ஒன்றில் ‘மெயில்’ என்னும் பழைய கட்டளையை ஸ்கிரிப்ட் ஒன்றில் எழுதி வைத்து அனுப்புவது எளிய வழி, செலவும் இல்லாத வழி. ஆனால் அந்தக் கட்டளை, தன்னிடம் தரப்படும் பெயர்களையும் முகவரிகளையும் என்ன செய்கிறது என்பதை அறியாமல் அதைப் பயன்படுத்தினால், உறுப்பினர் அனைவருடைய முகவரியும் அனைவருக்கும் தெரிந்துவிடும் நிலை வரலாம். மொரீஷியஸின் 2017ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2018 ஜனவரி 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒருவருடைய மின்னஞ்சல் முகவரி அச்சட்டத்தின் பார்வையில் தனிப்பட்ட தரவு. சட்டம் இல்லாவிட்டாலும், கோயிலை நம்பி முகவரி தந்தவரின் நம்பிக்கையைக் காப்பது சங்கத்தின் கடமை.

மின்னஞ்சலில் பெறுநர் பட்டியல் ஒன்று அல்ல, இரண்டு. அஞ்சலகத்தில் சேர்க்கும் கடிதத்தில் உறைமேல் ஒரு முகவரியும், உள்ளே தாளின் தலையில் இன்னொரு முகவரியும் எழுதப்படுவதைப் போலவே இங்கும் நடக்கிறது. அஞ்சல்காரர் உறையைத்தான் பார்க்கிறார், தாளைப் பார்ப்பதில்லை. இணையத்தில் அஞ்சல் கடத்தும் நெறிமுறையான எஸ்எம்டிபி இந்தப் பிரிவைத் தொடக்கம் முதலே கடைப்பிடிக்கிறது. இணைய விதிகள் ‘ஆர்எஃப்சி’ என்னும் எண்ணிட்ட ஆவணங்களாக வெளிவருகின்றன. 1982இல் ஜான் போஸ்டல் எழுதிய ஆர்எஃப்சி 821 உறையைப் பற்றியது. அதே ஆண்டில் டேவிட் குரோக்கர் எழுதிய ஆர்எஃப்சி 822 மடலின் தலைப்பகுதியைப் பற்றியது. இன்று அவற்றின் இடத்தில் 2008இல் வெளிவந்த ஆர்எஃப்சி 5321, 5322 ஆகிய இரண்டும் நிற்கின்றன. ஆவணங்களே இரண்டாக இருப்பது தற்செயல் அன்று. ஒரு சர்வர் இன்னொரு சர்வரோடு பேசும்போது, முதலில் ‘மெயில் ஃப்ரம்’ என்று அனுப்புநர் முகவரியைச் சொல்கிறது; பிறகு ஒவ்வொரு பெறுநருக்கும் ஒரு ‘ஆர்சிபிடி டூ’ வரியைச் சொல்கிறது; அதற்குப் பின்னரே ‘டேட்டா’ என்று அறிவித்து, தலைப்பகுதியும் உடலும் சேர்ந்த மடலைக் கொடுக்கிறது. ஒரே தவணையில் குறைந்தது 100 பெறுநர்களையாவது எந்தச் சர்வரும் ஏற்க வேண்டும் என்பது ஆர்எஃப்சி 5321 விதிக்கும் கட்டாயம். தலைப்பகுதியில் ‘டூ’ என்று தொடங்கும் வரியில் என்ன இருக்கிறது என்று கடத்தும் சர்வர் கேட்பதே இல்லை. அதில் ஒரு பெயரும், உறையில் வேறு ஐம்பது முகவரிகளும் இருந்தாலும் மடல் அந்த ஐம்பது பேருக்கே செல்லும்.

திரையில் பெட்டிகளை நிரப்பி அனுப்பப் பழகியவர்களுக்கு இந்தப் பிரிவு கண்ணில் படுவதில்லை, ஏனெனில் பெட்டியில் எழுதியதிலிருந்து இரண்டு பட்டியல்களையும் நிரலே உருவாக்கிவிடுகிறது. கட்டளை வரியில் அது வெளிப்படையாகத் தெரிகிறது. 1971இல் வந்த யுனிக்ஸின் முதல் பதிப்பிலேயே ‘மெயில்’ என்னும் கட்டளை இருந்தது. 1978இல் பெர்க்லியில் கர்ட் ஷோன்ஸ் எழுதிய நிரலே இன்று நாம் காணும் வடிவத்திற்கு மூலம். அதன் வழிவந்தவை ‘மெயில்எக்ஸ்’ என்னும் பொதுப் பெயரில் பல உள்ளன: டெபியன் என்னும் லினக்ஸ் வகையில் பிஎஸ்டி-மெயில்எக்ஸ், குனு திட்டத்தின் மெயில்யூட்டில்ஸ், ஏர்லூம் மெயில்எக்ஸ், அதன் தொடர்ச்சியான எஸ்-நெயில். இவற்றின் அடிப்படை வேலைமுறை, மடலைத் தயாரித்து ‘சென்ட்மெயில்’ என்னும் பெயர்கொண்ட இன்னொரு நிரலிடம் ஒப்படைப்பதுதான். எரிக் ஆல்மன் எழுதிய சென்ட்மெயில் பல சர்வர்களில் இன்று இல்லை. போஸ்ட்ஃபிக்ஸோ எக்சிமோ அதே பெயரில், அதே கட்டளை முகத்தோடு அந்த வேலையைச் செய்கின்றன. ஆகவே மடல் எழுதும் நிரல், கடத்தும் நிரல் என இரு கைகள் மாறுகின்றன. பெறுநர் பட்டியல் எந்தக் கையில் விரிவடைகிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறுகிறது.

இந்த இடத்தில் சற்று நின்று பார்க்க வேண்டும். சங்கத்தின் செயற்குழு உறுப்பினர் பதினைந்து பேருக்கும் ‘குழு’ என்று ஒரு மாற்றுப்பெயர் வைத்துக்கொள்ள இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, அனுப்புபவரின் முகப்புக் கோப்புறையில் உள்ள ‘மெயில்ஆர்சி’ கோப்பு. மற்றொன்று, சர்வர் முழுவதற்கும் பொதுவான ‘ஏலியாசஸ்’ கோப்பு. இரண்டிலும் ஒரே பதினைந்து முகவரிகளை எழுதி, இரண்டையும் ஒரே விதமாகப் பயன்படுத்தலாம். ஆனால் முதல் கோப்பை விரிப்பது மடல் எழுதும் நிரல். அது மடலை ஒப்படைப்பதற்கு முன்பே ‘குழு’ என்னும் பெயரை நீக்கி, பதினைந்து முகவரிகளையும் தலைப்பகுதியின் ‘டூ’ வரியில் எழுதிவிடுகிறது. இரட்டித்து வரும் முகவரிகளையும் அப்போதே களைந்துவிடுகிறது. இரண்டாம் கோப்பை விரிப்பது கடத்தும் நிரல்; அதற்குள் தலைப்பகுதி எழுதி முடிந்துவிட்டதால், பெறுபவர் காண்பது பட்டியலின் பெயரை மட்டுமே, முகவரிகளை அல்ல. ஒரே பட்டியல், ஒரே பெறுநர்கள், ஒரே கட்டளை. ஆனால் ஒன்றில் அனைவரும் அனைவரையும் பார்க்கிறார்கள், மற்றொன்றில் எவரும் எவரையும் பார்ப்பதில்லை. செயற்குழுவுக்கு முதல் முறை பொருந்தும், ஏனெனில் அங்கே யார் யாருக்கு மடல் சென்றது என்று தெரிவது நல்லது. நேர்த்திக்கடன் பதிந்த அடியார்களுக்கு அது பொருந்தவே பொருந்தாது. ஒருவர் எதற்காக நேர்ந்துகொண்டார் என்பது மடலில் இல்லாவிட்டாலும், அவர் நேர்ந்துகொண்டார் என்பதே அவருடைய சொந்த விஷயம்.

மெயில்ஆர்சி வழியில் இன்னொரு பழக்கமும் உண்டு. குழுப்பெயர் ஒன்றில் அனுப்புபவரின் சொந்தப் பெயரும் இருந்தால், பெர்க்லி மரபு நிரல்கள் அதைச் சத்தமின்றி நீக்கிவிடுகின்றன. தமக்கும் ஒரு பிரதி வேண்டுவோர் ‘மீடூ’ என்னும் அமைப்பை இயக்கி வைக்க வேண்டும். மடல் போய்ச் சேர்ந்ததா என்று தம் பெட்டியைப் பார்த்து உறுதிசெய்யும் செயலாளருக்கு இது தேவையற்ற கவலையைத் தரும். மடல் மற்றவர்களுக்குச் சென்றிருக்கும், அவருக்கு மட்டும் வந்திருக்காது.

கட்டளை வரியில் முகவரி என்று தரப்படுவது எப்போதும் முகவரிதானா என்பது அடுத்த கேள்வி. பழைய மெயில்எக்ஸ் மரபில், கூட்டல் குறியில் தொடங்கும் பெயரும், ‘அட்’ குறிக்கு முன் சாய்கோடு கொண்ட பெயரும் கோப்புகளாகக் கொள்ளப்பட்டு மடல் அந்தக் கோப்பின் முடிவில் சேர்க்கப்படும். நெடுங்கோட்டுக் குறியில் தொடங்கும் பெயர் ஒரு கட்டளையாகவே இயக்கப்படும். எழுபதுகளின் ஆய்வுக்கூடங்களில் ஒருவரையொருவர் அறிந்த சிலர் பகிர்ந்துகொண்ட கணினிக்கு அது வசதியாக இருந்தது. இணையப் படிவத்தில் யாரோ தட்டிய முகவரியை அப்படியே இந்தக் கட்டளையிடம் கொடுக்கும் காலத்தில் அது திறந்து கிடக்கும் கதவு. 2014 டிசம்பரில், பாதுகாப்புக் குறைகளைப் பட்டியலிடும் சிவிஇ வரிசையில் சிவிஇ-2014-7844, சிவிஇ-2004-2771 என்னும் எண்களோடு இந்தக் குறை வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது. பிந்தைய எண்ணில் உள்ள 2004 என்னும் ஆண்டைக் கண்டாலே குறை எவ்வளவு காலம் தெரிந்தும் தீராமல் இருந்தது என்பது விளங்கும். இப்போதைய பதிப்புகள் இதைக் கட்டுப்படுத்தியுள்ளன. ஆயினும் காவடிப் பதிவுப் படிவம் போன்ற எதிலிருந்தும் வரும் எழுத்துத் தொடரை நேரே கட்டளை வரியில் வைக்காமல், முதலில் அது முகவரி வடிவில் இருக்கிறதா என்று ஸ்கிரிப்ட் சோதிப்பதே சரி. சிறுகோட்டில் (-) தொடங்கும் தொடர் முகவரியாகாமல், கட்டளையின் நடத்தையை மாற்றும் தெரிவாகக் கொள்ளப்படும் என்பதையும் மறக்கலாகாது.

இதே அபாயம் ‘-எஸ்’ தெரிவின் வழியாகத் தரப்படும் பொருள் வரியிலும் உண்டு. தலைப்பகுதி என்பது வரி வரியாக எழுதப்படும் வெறும் எழுத்துகள்தாம். ஒரு வரியின் முடிவே, டூ, பொருள் போன்ற ஒரு புலத்தின் முடிவு. பொருளுக்குள் ஒரு வரிமுறிவை நுழைத்துவிட்டால், அதற்குப் பின் வருவதெல்லாம் புதிய புலமாகிவிடும். சிலர் இதையே ஒரு தந்திரமாகக் கொண்டு, பொருளின் பின்னே வரிமுறிவை வைத்து உள்ளடக்க வகையைக் குறிக்கும் வரியைச் சேர்க்கிறார்கள். அதே வழியில் வேறொருவர் ‘பிசிசி’ என்று மறைபிரதி வரி ஒன்றைச் சேர்த்து, சங்கத்தின் சர்வரிலிருந்து தாம் விரும்பிய ஆயிரம் பேருக்கு மடல் அனுப்ப முடியும். பயனர் தரும் எழுத்துகளிலிருந்து வரிமுறிவுகளை நீக்காமல் எந்தத் தலைப்புப் புலத்திலும் வைக்கலாகாது என்பதில் விதிவிலக்கே இல்லை.

பெயர்களின் வடிவமும் இங்கே தொல்லை தரும். மொரீஷியஸ் அலுவலகப் படிவங்களில் குடும்பப் பெயர் முதலில், கால்புள்ளி, பிறகு இயற்பெயர் என எழுதும் பழக்கம் பரவலானது. அந்த வரிசையிலேயே உறுப்பினர் பதிவேட்டைக் கணினியில் ஏற்றி, ‘பிள்ளை’ என்று தொடங்கி, கால்புள்ளி இட்டு, இயற்பெயரும் முகவரியும் எழுதினால், அஞ்சல் நிரலின் கண்ணுக்கு அது ஒருவர் அல்லர், இருவர். கால்புள்ளியே பெறுநர்களைப் பிரிக்கும் குறி. எனவே ‘பிள்ளை’ என்பது தனி முகவரியாகிறது. ‘அட்’ குறிக்குப் பின் வரும் டொமைன் இல்லாத அந்தச் சொல்லுக்குச் சர்வர் தன் சொந்தப் பெயரைச் சேர்த்து, அப்படியொரு பயனர் இங்கே இல்லை என்று மடலைத் திருப்பும். இருந்துவிட்டாலோ, யாரோ ஒருவருக்குக் கொடுத்துவிடும். தமிழ்நாட்டு வழக்கில் முதலெழுத்தும் புள்ளியும் இட்டு எழுதும் பெயருக்கும் இதே வகைச் சிக்கல் உண்டு, ஏனெனில் மேற்கோளுக்குள் இல்லாத புள்ளியை ஆர்எஃப்சி 5322 பழைய, கைவிட வேண்டிய வடிவமாகவே வைத்திருக்கிறது. இரண்டுக்கும் தீர்வு ஒன்றே: பெயரை இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் வைத்து, முகவரியைக் கோண அடைப்புக்குள் வைக்க வேண்டும், கட்டளை வரியில் எழுதும்போது கட்டளைகளைப் படித்து இயக்கும் ஷெல் அந்த மேற்கோள்களை விழுங்கிவிடாதபடி வெளியே ஒற்றை மேற்கோளும் இட வேண்டும். வட்ட அடைப்புக்குள் எழுதப்படுவது குறிப்புரையாகக் கருதப்படும் என்பதால், பெயருடன் ஊரை அடைப்பில் சேர்க்கும் பழக்கத்தால் தீங்கில்லை, பயனும் அதிகமில்லை.

மடல் எழுதும் நிரல் பெறுநர்களைக் கடத்தும் நிரலிடம் தெரிவிக்க இரண்டு வழிகள் உள்ளன. முகவரிகளைக் கட்டளை வரியிலேயே அடுக்கித் தருவது ஒரு வழி; அப்போது அவையே உறை, தலைப்பகுதி வெறும் காட்சிப் பொருள். ‘-டி’ (-t) தெரிவைக் கொடுத்து, தலைப்பகுதியைப் படித்து நீயே எடுத்துக்கொள் என்று விடுவது மறு வழி. அப்போது ‘டூ’, ‘சிசி’, ‘பிசிசி’ மூன்றும் சேர்ந்து உறையாகின்றன, பிசிசி வரி நீக்கப்படுகிறது. இரண்டையும் ஒருசேரக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதில் நிரல்கள் ஒத்துப்போவதில்லை. போஸ்ட்ஃபிக்ஸ், கட்டளை வரி முகவரிகளையும் தலைப்பகுதி முகவரிகளோடு கூட்டிக்கொள்கிறது. எக்சிம், தன் இயல்பான அமைப்பில், கட்டளை வரியில் உள்ளவர்களைத் தலைப்பகுதியில் கண்டவர்களிலிருந்து கழித்துவிடுகிறது. ஒரே ஸ்கிரிப்டைப் பழைய சர்வரிலிருந்து புதிய சர்வருக்கு மாற்றும்போது, தலைவருக்கு மட்டும் மடல் வராமல் போவதற்கு இது போதுமான காரணம். ‘-டி’ கொடுத்தால் கட்டளை வரியில் முகவரி எதையும் எழுதாமல் இருப்பதே பாதுகாப்பு.

மறைபிரதியான பிசிசியைத்தான் பலரும் தனியுரிமைக்கான முழுத் தீர்வாக எண்ணுகிறார்கள். அந்த எண்ணம் அரைகுறையாகவே சரி. ஆர்எஃப்சி 5322 பிசிசி புலத்தைக் கையாள மூன்று முறைகளை அனுமதிக்கிறது: அந்த வரியை எல்லாப் பிரதிகளிலிருந்தும் நீக்குவது, டூ, சிசி பெறுநர்களின் பிரதியில் மட்டும் நீக்கி, மறைபிரதி பெறுபவர்களின் பிரதியில் வைத்திருப்பது, வரியை வைத்துக்கொண்டு முகவரிகளை நீக்கி வெறுமையாக விடுவது. பெர்க்லி மெயில் முதல் முறையைப் பின்பற்றுகிறது; ‘-பி’ தெரிவில் தந்த முகவரிகளை உறையில் வைத்து, தலைப்பகுதியில் எழுதாமலே விட்டுவிடுகிறது. மட் என்னும் இன்னொரு மடல் எழுதும் நிரல் வேறு வழியில் சென்றது. பிசிசி வரியை எழுதியே ஒப்படைத்து, கடத்தும் நிரல் அதை நீக்கும் என்று எதிர்பார்க்கும் அமைப்பு அதில் இருந்தது. போஸ்ட்ஃபிக்ஸ் நீக்கிவிடும், ஆனால் எக்சிம் ‘-டி’ இல்லாதபோது தொடாமல் அனுப்பிவிடும். அதனால்தான் மட் கையேடு, எக்சிம் பயன்படுத்துவோர் அந்த அமைப்பை அணைத்து வைக்கலாம் என்று தனியாகவே குறிப்பிட்டது. மறைக்கும் பொறுப்பு இரண்டு நிரல்களுக்கு நடுவே விழுந்துவிடும்போது, மறைக்க வேண்டியது மறையாமல் போகிறது.

பழைய சென்ட்மெயிலில் இதைவிடக் கொடுமையான ஒன்று இருந்தது. டூ, சிசி எதுவுமே இல்லாமல் மறைபிரதி மட்டும் கொண்ட மடல் வந்தால், தலைப்பகுதியில் பெறுநர் புலம் ஒன்று இருந்தாக வேண்டும் என்ற பழைய விதியை நிறைவேற்ற, ‘அப்பேரண்ட்லி-டூ’ என்னும் வரியைத் தானே சேர்த்து, அதில் உறையில் உள்ள முகவரிகளை எழுதிவிடும். மறைப்பதற்காகவே வைக்கப்பட்ட பட்டியலை நிரலே வெளியிட்டது. பின்னர் அந்த நடத்தையை மாற்றும் அமைப்பு வந்தது; 2001இல் ஆர்எஃப்சி 2822 பெறுநர் புலம் கட்டாயம் என்ற விதியையே எடுத்துவிட்டது. இன்று பல மடல்களில் ‘அன்டிஸ்க்ளோஸ்டு-ரெசிப்பியன்ட்ஸ்’ என்று எழுதி, முக்காற்புள்ளியும் அரைப்புள்ளியும் அடுத்தடுத்து நிற்பதைக் காண்கிறோம். அது அலங்காரம் இல்லை. முக்காற்புள்ளியில் தொடங்கி அரைப்புள்ளியில் முடியும் குழு என்பது முகவரி இலக்கணத்தில் உள்ள வடிவம், அதன் உள்ளே உறுப்பினர் எவரும் இல்லை என்பதே அதன் பொருள். சங்கத்தின் ஸ்கிரிப்டிலும் டூ வரியில் சங்கத்தின் முகவரியையே வைத்து, உறுப்பினர்களைப் பொது ஏலியாசஸ் கோப்பில் வைப்பது, பிசிசியை நம்புவதைவிட உறுதியானது என்பது என் கருத்து.

பதில் எழுதும்போதும் பெறுநர் பட்டியல் புதிதாகப் பிறக்கிறது. யுனிக்ஸ் வகைக் கணினிகளுக்கான போசிக்ஸ் தரநிலையின் மெயில்எக்ஸில் சிறிய ‘ஆர்’ எழுத்து, வந்த மடலின் பெறுநர் அனைவருக்கும் பதில் அனுப்பும். பெரிய ‘ஆர்’ எழுத்துதான் அனுப்பியவருக்கு மட்டும் அனுப்பும். திரை நிரல்களில் ‘ரிப்ளை’ என்றால் ஒருவருக்கு என்று பழகியவர், சிறிய எழுத்தைத் தட்டியதும் நன்கொடை பற்றிய தம் தனிப்பட்ட குறிப்பு குழு முழுவதற்கும் போய்விடுவதைக் காண நேரும். ‘ஃபிளிப்ஆர்’ அமைப்பு இரண்டையும் இடம் மாற்றித் தருகிறது. பெர்க்லி நிரல்களில் ‘ரிப்ளைஆல்’ அதே வேலையைச் செய்யும்.

ஒரே எழுத்து வெவ்வேறு நிரல்களில் வெவ்வேறு பொருள் தருவதற்கு ‘-ஏ’ தெரிவு நல்ல எடுத்துக்காட்டு. டெபியனின் பிஎஸ்டி-மெயில்எக்ஸில் அது தலைப்பகுதியில் ஒரு புதிய வரியைச் சேர்க்கிறது. ஏர்லூம் மெயில்எக்ஸிலும் எஸ்-நெயிலிலும் அதே தெரிவு ஒரு கோப்பை இணைக்கிறது. இணைப்புக்கு மெயில்யூட்டில்ஸ் பெரிய ‘-ஏ’வை வைத்திருக்கிறது. எனவே எந்த நிரல் நிறுவப்பட்டிருக்கிறது என்று பார்க்காமல், இணையத்தில் கண்ட கட்டளையை அப்படியே எடுத்து ஒட்டினால் அது வேலை செய்யும் என்று எதிர்பார்க்க முடியாது.

தமிழர்களுக்கு இதில் தனியாக ஒரு செய்தி உண்டு. மொரீஷியஸ் ரூபாய்த் தாளில் தமிழ் அச்சாகிறது, ஆனால் மின்னஞ்சலின் தலைப்பகுதி தொடக்கத்தில் ஆங்கில எழுத்துகளுக்காக மட்டுமே அமைக்கப்பட்டது. பிற எழுத்துகளைப் பொருள் வரியில் வைக்க, 1996இல் வந்த ஆர்எஃப்சி 2047 ஒரு குறியாக்க முறையைத் தந்தது: எந்த எழுத்துத்தொகுதி, எந்த முறை என்று அறிவித்து, கேள்விக்குறிகளுக்கு நடுவே எழுத்துகளை ஆங்கிலக் குறிகளாக மாற்றி எழுதுவது. இப்படி எழுதப்படும் ஒரு துண்டு 75 எழுத்திடங்களுக்கு மேற்போகக் கூடாது. தமிழுக்குப் பயன்படும் எழுத்துத்தொகுதியான யுடிஎஃப்-8 என்னும் அறிவிப்புக்கும் குறிகளுக்கும் 12 இடங்கள் போய்விடுவதால், மீதி 63. யுடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் கொள்கிறது. குறியாக்க முறைகள் இரண்டனுள் ‘கியூ’ முறையில் ஒரு பைட்டுக்கு 3 இடம் வேண்டும் என்பதால் ஒரு தமிழ்க் குறிக்கு 9 இடம். ஒரு துண்டில் 7 குறிகளே அடங்கும். ‘பி’ முறையில் 3 பைட் 4 இடங்களாவதால் 15 குறிகள் அடங்கும். உயிர்மெய்யின் துணைக்கால், கொம்பு, புள்ளி ஆகியவை தனித்தனிக் குறிகள் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

‘தைப்பூசக் காவடி’ என்னும் பொருள் வரியை எடுத்துக்கொள்வோம். அதில் 14 தமிழ்க் குறிகளும் ஓர் இடைவெளியும் உள்ளன. மொத்தம் 43 பைட். வரி நீள வரம்பை ஒருபுறம் வைத்துக் கணக்கிட்டால், பி முறையில் இது 60 இடம் கொண்டு ஒரே துண்டில் அமைந்துவிடுகிறது. கியூ முறையிலோ முதல் துண்டு ‘தைப்பூச’ என்பதோடு நிறைந்துவிடும்; இரண்டாம் துண்டு ‘க் காவட’ என்பதோடு நின்றுவிடும்; எஞ்சிய இகரக் குறி மட்டும் மூன்றாம் துண்டுக்குத் தள்ளப்படும். ஒரு குறியின் பைட்களை நடுவே பிரிக்கக் கூடாது என்று தரநிலை சொல்கிறது, ஆனால் உயிர்மெய்யைப் பிரிக்கக் கூடாது என்று சொல்லவில்லை. அடுத்தடுத்த துண்டுகளுக்கு இடையில் உள்ள வெற்றிடத்தை நீக்கிவிட்டுச் சேர்க்க வேண்டும் என்ற விதியைப் பெறும் நிரல் சரியாகப் பின்பற்றினால் ‘டி’ மீண்டும் ஒன்றாகும். பின்பற்றாத நிரலில் ‘ட’ தனியாகவும், புள்ளிவட்டத்தின்மேல் ஏறிய இகரக் குறி தனியாகவும் நிற்கும். நம் சங்க மடல்களின் பொருள் வரி பெரும்பாலும் பிரெஞ்சும் தமிழும் கலந்து வருவது. பிரெஞ்சுச் சொல்லில் மேற்குறி ஏற்ற எழுத்து ஒன்றோ இரண்டோதான் இருக்கும் என்பதால் அதற்குக் கியூ முறை சிக்கனமானது; தமிழுக்கு அது ஏற்றதன்று. நல்ல நிரல்கள் எழுத்துகளை எண்ணிப் பார்த்துத் தாமே தேர்ந்துகொள்கின்றன.

இந்தக் குறியாக்கத்தைச் செய்வது யார் என்பதிலும் வேறுபாடு உண்டு. எஸ்-நெயிலும் ஏர்லூமும் பொருள் வரியைத் தாமே குறியாக்கம் செய்கின்றன, ஆனால் எந்த எழுத்துத்தொகுதி என்பதை இயங்கும் சூழலின் மொழி அமைப்பிலிருந்து அறிந்துகொள்கின்றன. கையால் இயக்கும்போது சரியாகச் சென்ற மடல், குறித்த நேரத்தில் வேலைகளை இயக்கும் ‘கிரான்’ நிரல் விடியற்காலையில் தானே இயக்கும்போது கெட்டுப்போவதற்குக் காரணம் இதுதான்: கிரானின் சூழலில் மொழி அமைப்பு வெறுமையாக இருக்கும். அப்போது ஏர்லூம், உடலில் உள்ள தமிழை உரை என்றே ஏற்காமல், இனம் தெரியாத இணைப்புக் கோப்பாக அனுப்பிவிடும். ஸ்கிரிப்டின் முதல் வரிகளில் யுடிஎஃப்-8 மொழி அமைப்பைக் குறிப்பிட்டுவிட்டால் சிக்கல் தீரும். பிஎஸ்டி மரபின் எளிய நிரல்கள் பொருளைக் குறியாக்கமே செய்யாமல் பைட்களை அப்படியே வைப்பதும் உண்டு. 2012இல் வந்த ஆர்எஃப்சி 6531, 6532 ஆகியவை தலைப்பகுதியில் யுடிஎஃப்-8ஐ நேரடியாக எழுத வழி செய்திருக்கின்றன, ஆனால் வழியில் உள்ள ஒவ்வொரு சர்வரும் அந்த நீட்சியை ஏற்றிருந்தால் மட்டுமே அது பயன்படும்.

தேதிப் புலத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். மொரீஷியஸிலிருந்து செல்லும் மடலில் நேரத்தின் பின்னே +0400 என்று இருக்கும். காலை 8 மணிக்கு அனுப்பியதை ரீயூனியனில் 8 மணி என்றும், டர்பனில் 6 மணி என்றும், சென்னையில் 9.30 என்றும் பெறும் நிரல்கள் காட்டுவது அந்த எண்ணைக் கொண்டுதான். 2008 அக்டோபர் 26 முதல் 2009 மார்ச் 29 வரை இத்தீவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைத்த காலத்தில் அது +0500 ஆக இருந்தது. நேரமண்டலத் தரவைப் புதுப்பிக்காத கணினிகள் மட்டும் பழைய எண்ணையே எழுதின.

அனுப்புநர் முகவரியும் இரண்டாகவே இருக்கிறது. தலைப்பகுதியின் ‘ஃப்ரம்’ வரி வாசகர் காண்பது. உறையில் உள்ள அனுப்புநர் முகவரிக்குத்தான் சேராத மடல்கள் திரும்பி வரும், இறுதிச் சர்வர் அதைத்தான் ‘ரிட்டர்ன்-பாத்’ என்று மடலின் தலையில் எழுதி வைக்கும். கிரான் வழி இயங்கும் ஸ்கிரிப்டில் இதைக் குறிப்பிடாவிட்டால், சர்வர் நிர்வாகிக்குரிய ‘ரூட்’ என்னும் பயனர் பெயரும் சர்வரின் உள்பெயரும் சேர்ந்த ஒன்று உறையில் ஏறும். போலி அனுப்புநரைக் கண்டறியப் பெறும் சர்வர்கள் சில சோதனைகள் செய்கின்றன. அவற்றில் எஸ்பிஎஃப் சோதனை உறை அனுப்புநரின் டொமைனைப் பார்க்கிறது. டிமார்க், அதையோ டிகேஐஎம் கையொப்பத்தையோ ஃப்ரம் வரியின் டொமைனோடு ஒப்பிடுகிறது. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாஹூவும் இச்சோதனைகளைக் கடுமையாக்கியுள்ளன. ஆகவே கடத்தும் நிரலுக்கு ‘-எஃப்’ தெரிவில் சங்கத்தின் முகவரியைத் தராமல், ஃப்ரம் வரியை மட்டும் அழகாக எழுதி அனுப்பினால், அறிவிப்பு குப்பைப் பெட்டியில் கிடக்க நேரும். திரும்பி வரும் மடல்களோ எவரும் திறக்காத ரூட் பெட்டியில் குவியும், செயலிழந்த முகவரிகள் பட்டியலிலிருந்து நீக்கப்படாமலே ஆண்டுகள் கழியும்.

இவற்றையெல்லாம் நேரில் காண எளிய வழி ஒன்று பெர்க்லி மரபு நிரலிலேயே இருக்கிறது. ‘-டி’யை (-d) அதற்குத் தந்தால், அது சென்ட்மெயிலின் ‘-டி’ (-t) அன்று, பிழைநீக்க நிலை. மடலை அனுப்பாமல், சென்ட்மெயிலிடம் தரவிருந்த முகவரிகளை மட்டும் திரையில் அச்சிடும். மாற்றுப்பெயர்கள் விரிந்து, மறைபிரதிகளும் சேர்ந்து, இரட்டிப்புகள் நீங்கிய உறை அதுதான். அந்த வரியை உறுப்பினர் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, பிறகு சங்கத்தின் சொந்த முகவரிகள் இரண்டுக்கு மட்டும் ஒரு மடலை அனுப்பி, வந்ததன் முழுத் தலைப்பகுதியையும் திறந்து டூ வரியில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்த பின்னரே, கொடியேற்ற அறிவிப்பை முழுப் பட்டியலுக்கும் அனுப்ப வேண்டும்.